மழைக்காலத்தில் தோட்டப் பக்கம் கார் ஓட்ட: கிளம்பும் முன்பிருந்து வீடு சேர்ந்த பிறகு வரை

நவம்பரில் பிடித்தால் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் லாபிஸ், சிகாமட், சாஆ பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கும், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஜொகூர் பாரு, கோலாலம்பூரிலிருந்து ஊருக்கு வருகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். தோட்டத்துக்கும் டவுனுக்கும் நடுவில் தினமும் ஓட்டுகிறவன் நான். புதிதாக லைசன்ஸ் எடுத்து, கண்ணாடியில் 'பி' ஒட்டிய தம்பி தங்கைகளுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வழி சொல்வதும் உண்டு. அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் இந்த வரிசை வந்தது.

மழையில் ஓட்டுவது கை கால் திறமை என்று பலர் நினைக்கிறார்கள். பாதிக்கு மேல் வேலை கார் நகர்வதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஆகவே 1ஆம் பகுதியிலிருந்தே படியுங்கள், நேராகத் 'தண்ணீரைக் கடப்பது எப்படி' என்ற இடத்துக்குத் தாவாதீர்கள்.

1. முதலில் டயர், அதுவும் அக்டோபரிலேயே

ஈர ரோட்டில் காரைப் பிடித்து நிறுத்துவது டயரில் உள்ள பள்ளங்கள்தான். அடியில் சிக்கும் தண்ணீரை அவை வெளியே தள்ளினால்தான் ரப்பர் தாரைத் தொடும். பள்ளம் தேய்ந்துவிட்டால் தண்ணீர் போக வழியில்லை, டயர் தண்ணீர் மேல் ஏறிவிடும்.

பள்ளங்களுக்குள் குறுக்கே சின்ன மேடு மாதிரி ஒரு அடையாளம் இருக்கும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் அதற்கு மேல் ஓட்டக் கூடாது. ஆனால் மழைக்கு அதுவரை காத்திருக்காதீர்கள். 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனதுமே ஈரத்தில் பிடிப்பு வேகமாகக் குறைய ஆரம்பிக்கும். கோடை வெயிலில் நன்றாக ஓடிய டயர்தானே என்பது வாதமே இல்லை, காய்ந்த ரோட்டில் தேய்ந்த டயர் கூட நன்றாகத்தான் பிடிக்கும்.

அடுத்து வயது. டயரின் பக்கவாட்டில் 'டிஓடி' என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 3521 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் பழைய ரப்பர் இறுகிப்போயிருக்கும். ஊரில் பாட்டி வீட்டு வாசலில் நின்று, மாதம் இரண்டு தடவை மட்டும் ஓடும் காருக்கு இந்தப் பிரச்சினை நிறைய.

காற்று அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். டயர் சூடாவதற்கு முன், காலையில் பாருங்கள். மழைக்குக் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தார் ரோட்டில் அது நேர் எதிர்: காற்று குறைந்த டயர் இன்னும் குறைந்த வேகத்திலேயே தண்ணீர் மேல் ஏறிவிடும்.

இரண்டு டயர் மட்டும் வாங்கக் காசு இருக்கிறது என்றால் புதியதைப் பின்பக்கம் போடச் சொல்லுங்கள். இழுப்பது முன் சக்கரம்தானே என்று கடையில் முன்னால் போடத்தான் பார்ப்பார்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்: முன் சக்கரம் வழுக்கினால் கார் நேராகப் போகும், காலைத் தளர்த்தினால் பெரும்பாலும் திரும்பக் கைக்கு வந்துவிடும். பின் சக்கரம் வழுக்கினால் கார் சுழலும், அதைப் பிடிக்க அனுபவசாலிக்கும் நேரம் கிடைக்காது.

ஸ்பேர் டயரில் காற்று இருக்கிறதா என்றும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

2. கண்ணாடி, வைப்பர், விளக்கு

வைப்பர் ரப்பரை நம் வெயில் தின்றுவிடும். கோடு கோடாக விட்டுத் துடைத்தாலோ, கிறீச்சென்று சத்தம் போட்டாலோ மாற்றுங்கள். புது ரப்பர் போட்டும் மங்கலாகவே இருந்தால் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் இருக்கிறது என்று அர்த்தம். லோரிகள் பின்னால் ஓட்டும் எல்லாருக்கும் அது படியும். பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து தேய்த்துக் கழுவிவிடுங்கள். உள்பக்கத்தையும் காய்ந்த துணியால் துடையுங்கள், அழுக்கு உள்கண்ணாடியில் ஆவி சீக்கிரம் பிடிக்கும்.

கண்ணாடிக்கு அடியில், பானெட் முடியும் இடத்தில் இலைச் சருகு அடைத்திருக்கும். அதை எடுத்துவிடுங்கள். அங்கே தண்ணீர் வடிய வழி உண்டு, அடைத்தால் தண்ணீர் காருக்குள் வரும்.

விளக்குக்கு ஒருவரை வெளியே நிற்க வைத்து முன், பின், பிரேக், சிக்னல் எல்லாம் போட்டுப் பாருங்கள். மழையில் பின்னால் வருகிறவருக்குத் தெரிவது உங்கள் காரல்ல, அந்தச் சிவப்பு விளக்கு மட்டும்தான்.

3. காப்புறுதி

இதை யாரும் மழைக்கு முன் யோசிப்பதில்லை, அதனால் தனியாகவே வைக்கிறேன். 'காம்பிரிஹென்சிவ்' எடுத்திருக்கிறேன், வெள்ளத்துக்கும் பணம் வரும் என்று நினைத்து ஏமாந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நம் நாட்டில் வெள்ளம், நிலச்சரிவு, மரம் விழுதல் போன்றவற்றுக்கு 'ஸ்பெஷல் பெரில்ஸ்' என்ற பாதுகாப்பைக் கூடுதல் பணம் கட்டித் தனியாகச் சேர்க்க வேண்டும். உங்கள் பாலிசியை இன்றைக்கே திறந்து அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏஜெண்டிடம் கேளுங்கள்.

4. காரில் வைக்க வேண்டியவை

பெரிய பட்டியல் வேண்டாம். டார்ச் லைட், மழைக்கோட்டு, இழுக்கும் கயிறு, பவர் பேங்க், குடிதண்ணீர், இரண்டு மூன்று பழைய கோணிப்பை, ஒரு ஜோடி கையுறை. கண்ணாடி உடைக்கும் சின்னச் சுத்தியல் ஒன்றை ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். பின்னால் சாமான் வைக்கும் பூட்டில் போட்டு வைத்தால் அது இருந்தும் பயனில்லை. குழந்தை இருந்தால் ஒரு வேளைச் சாப்பாடும் பால்மாவும். செம்மண் ரோட்டில் இரவு முழுக்க மாட்டிக்கொள்வது அதிசயமான விஷயம் இல்லை.

பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். ஒரு பாலம் மூடினால் சுற்றுவழி மிகவும் நீண்டுவிடும்.

5. போகலாமா, எந்த வழி, எத்தனை மணிக்கு

மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் மைசுவாச்சா செயலியில் தொடர் மழை எச்சரிக்கை மூன்று படியாக வரும்: வாஸ்பாடா (விழிப்பு), பூரோக் (மோசம்), பஹாயா (ஆபத்து). பஹாயா என்று வந்தால் கிளம்பாதீர்கள், கல்யாணமாக இருந்தாலும் சரி. பூரோக் என்றால் அவசியம் இருந்தால் மட்டும், அதுவும் பகலில்.

அடுத்து பார்க்க வேண்டியது ஆறு. வடிகால் நீர்ப்பாசனத் துறையின் இன்ஃபோ பஞ்சிர் பக்கத்தில் ஒவ்வொரு ஆற்றின் மட்டமும் நேரத்தோடு இருக்கும்: சாதாரணம், வாஸ்பாடா, அமாரான் (எச்சரிக்கை), பஹாயா. இங்கேதான் புதியவர்கள் தவறுகிறார்கள். தங்கள் வீட்டு வாசலில் மழை விட்டுவிட்டது, வெயில் கூட வந்துவிட்டது, ஆகவே வழி சரியாக இருக்கும் என்று கிளம்புகிறார்கள். மேட்டில் பெய்த மழை ஆற்று வழியே இறங்கி வர நேரம் ஆகும். பூலோ காசாப் பக்கம் மூவார் ஆறு ஏறும்போது தலைக்கு மேல் வானம் தெளிவாகவே இருக்கலாம். ஆகவே உங்கள் ஊர் நிலையத்தை மட்டும் பார்க்காமல் மேலே இருக்கும் நிலையத்தையும் பாருங்கள், மட்டம் எவ்வளவு என்பதோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையும் பாருங்கள்.

மார்ச் வந்துவிட்டது, இனி பயமில்லை என்றும் கணக்குப் போடாதீர்கள். 2023இல் சிகாமட், யோங் பெங் பக்கம் பெரிய வெள்ளம் வந்தது மார்ச் மாதத்தில்தான்.

செயலி சொல்லாததைத் தோட்டத்து மனிதர்கள் சொல்வார்கள். உள்ரோட்டில் எந்தக் குழாய்ப்பாலம் கரைந்திருக்கிறது, எந்த மேட்டில் நேற்று லோரி நின்றுபோனது என்பதெல்லாம் கேட்டில் காவல் இருக்கும் ஜாகாவுக்கும், வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்கும், பழ லோரி ஓட்டும் அண்ணன்களுக்கும் தெரியும். கிளம்பும் முன் ஒரு போன் போடுங்கள். "அண்ணே, பெரிய பாலம் பக்கம் எப்படி இருக்கு, சின்னக் கார் போகுமா?" என்று கேளுங்கள். 'சின்னக் கார்' என்று சொல்ல மறக்காதீர்கள், ஏனென்றால் அவர்கள் பதில் சொல்வது லோரிக்காக இருக்கும்.

வழி இரண்டு இருந்தால், நீளமாக இருந்தாலும் தார் ரோட்டை எடுங்கள். குறுக்கு வழி என்பது காய்ந்த நாளுக்கு.

நேரத்தைப் பொறுத்தவரை, விடியற்காலைப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு) போகும் மோட்டார்கள் விளக்கு மங்கலாக வரிசையாக வரும். அந்த நேரத்தையும், தமிழ்ப்பள்ளி விடும் நேரத்தையும் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். முடியாவிட்டால் வேகத்தை அதற்கேற்ப வையுங்கள். பிற்பகல் இடிமழை வழக்கமாக வரும் நேரத்துக்கு முன்பே வீடு சேரும்படி காலையில் கிளம்புவது எல்லாவற்றிலும் நல்லது. இன்னொன்று, போகும் வழியையும் வந்து சேரும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். உள்ரோட்டில் போன் லைன் எல்லா இடத்திலும் கிடைக்காது.

6. மழை தொடங்கிய முதல் பத்து நிமிடம்

கொட்டும் மழையை விட, தூறல் தொடங்கும் நேரம்தான் வழுக்கும். சில நாள் வெயிலுக்குப் பிறகு ரோட்டில் படிந்த எண்ணெயும் ரப்பர்த் தூளும் தண்ணீரோடு கலந்து மேலே மிதக்கும். செம்பனை ஆலைக்குப் போகும் வழியில் உதிரிப் பழம் விழுந்து நசுங்கிய எண்ணெயும் அதோடு சேரும். நல்ல மழை கொஞ்ச நேரம் அடித்துக் கழுவிய பிறகு பரவாயில்லை. ஆகவே முதல் துளி விழுந்ததும் வேகத்தைக் குறையுங்கள், மழை வலுத்த பிறகு அல்ல.

உடனே முன் விளக்கைப் போடுங்கள், சாதாரண வெளிச்சம் போதும். ஹைபீம் போட்டால் ஒளி மழைத்துளியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும்.

ஹசாட் விளக்கைப் போட்டுக்கொண்டே ஓட்டாதீர்கள். இது நம் நாட்டில் அவ்வளவு பரவிய பழக்கம், பலருக்கு அது தப்பு என்றே தெரியாது. நான்கும் மினுக்கும்போது நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்பது தெரியாது, நின்றிருக்கிறீர்களா ஓடுகிறீர்களா என்பதும் தெரியாது. காரை ஓரமாக நிறுத்தினால் போடுங்கள், அதற்குத்தான் அது.

கண்ணாடி மங்கினால் பதற வேண்டாம். விரலால் உள்ளே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு தெளிவானால் ஆவி உள்ளே இருக்கிறது: ஏர்கோனை முன் கண்ணாடிப் பக்கம் திருப்பி, வெளிக்காற்று வரும் பட்டனுக்கு மாற்றுங்கள். ஏர்கோன் காற்றில் உள்ள ஈரத்தை எடுத்துவிடும், அதனால் மழையில் அதை அணைக்கக் கூடாது. கோடு தெளியவில்லை என்றால் ஆவி வெளியே: கண்ணாடி அதிகமாகக் குளிர்ந்துவிட்டது. வைப்பரை ஒரு தடவை போட்டு, குளிரைக் குறையுங்கள். ஓடிக்கொண்டே ஒரு கையால் டிஷ்யூ வைத்துத் துடைப்பதைத்தான் எல்லாரும் செய்கிறார்கள். அந்த நேரம் கண் ரோட்டில் இல்லை.

7. பெரிய சாலையில்

சிகாமட், லாபிஸ், யோங் பெங் போகும் ஒன்றாம் எண் கூட்டரசு சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். பல இடத்தில் போக ஒன்று, வர ஒன்று அவ்வளவுதான். பலகையில் 90 என்று இருந்தாலும் அது காய்ந்த ரோட்டுக்கு.

முன் காருக்கும் உங்களுக்கும் நான்கு விநாடி இடைவெளி. முன் கார் ஒரு கம்பத்தைத் தாண்டியதும் 'ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு' என்று எண்ணத் தொடங்குங்கள். நான்கு சொல்லி முடிக்கும் முன் நீங்கள் அந்தக் கம்பத்தை அடைந்தால் நெருக்கமாகப் போகிறீர்கள். ஈரத்தில் நிற்க எடுக்கும் தூரம் காய்ந்த ரோட்டை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு. இடைவெளி விட்டால் யாராவது உள்ளே நுழைவார்கள், நுழையட்டும். மறுபடி பின்வாங்கி நான்கு எண்ணுங்கள்.

ரோடு நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்வாகவும் இருக்கும், அதனால் தண்ணீர் இடது ஓரத்தில் தேங்கும். இடது சக்கரம் மட்டும் அதில் இறங்கினால் ஸ்டியரிங் திடீரென்று இடது பக்கம் இழுக்கும். இரண்டு கையாலும் உறுதியாகப் பிடித்து நேராக வைத்திருங்கள். புதியவர்கள் இந்த இடத்தில் வலது பக்கம் வெடுக்கென்று திருப்புவார்கள், சக்கரம் தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் கார் எதிர்ச் சாலைக்குப் பாய்ந்துவிடும்.

நான்கு சக்கரமும் தண்ணீர் மேல் ஏறினால் ஸ்டியரிங் காலியாக, எடையே இல்லாமல் இருக்கும், எஞ்சின் சத்தம் சட்டென்று உயரும். அப்போது செய்ய வேண்டியது மிகக் குறைவு. எண்ணெய்ப் பெடலிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். பிரேக்கைத் தொடாதீர்கள். ஸ்டியரிங்கைத் திருப்பாதீர்கள். வேகம் குறைந்ததும் டயர் தானே கீழே இறங்கிப் பிடிக்கும். க்ரூஸ் கண்ட்ரோல் உள்ள கார் என்றால் மழையில் அதைப் போடவே வேண்டாம், சக்கரம் வழுக்கும் நேரத்திலும் அது வேகத்தைப் பிடிக்கப் பார்க்கும்.

லோரிக்குப் பின்னால் தூவானத்தில் மாட்டிக்கொண்டால் முந்தத் துடிக்காதீர்கள். எதிரே வரும் மோட்டார் அந்தத் தூவானத்துக்குள் தெரியாது. பின்வாங்குங்கள், தூவானம் தானே குறையும்.

மழை வலுத்தால் மோட்டார் ஓட்டுகிறவர்கள் மேம்பாலத்தின் கீழும் பேருந்து நிறுத்தத்திலும் கூட்டமாக ஒதுங்குவார்கள், சிலர் ரோட்டு ஓரத்திலேயே நின்று மழைக்கோட்டு போடுவார்கள். பாலம் தெரிந்ததுமே வேகத்தைக் குறைத்து, ஓரத்தை விட்டு நடுக்கோட்டுப் பக்கம் வாருங்கள். நம் அப்பாவும் மாமாவும் தம்பியும்தான் அங்கே நிற்கிறார்கள்.

எதுவும் தெரியாத அளவுக்கு மழை அடித்தால் பெட்ரோல் நிலையத்திலோ கடை வாசலிலோ நிறுத்துங்கள். ரோட்டு ஓரத்தில் நிறுத்தினால் பின்னால் வருகிறவர் உங்கள் விளக்கைப் பார்த்து அதுதான் பாதை என்று வந்து இடிக்கலாம். பெரிய மரத்தடியும் வேண்டாம்.

8. செம்மண் ரோட்டில்

மெயின் ரோட்டிலிருந்து தோட்டத்துக்குள் திரும்பியதும் எல்லாக் கணக்கும் மாறிவிடும். மழை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் செம்மண் மேல் மெல்லிய சேறு ஒன்று பூக்கும். அடியில் இன்னும் கெட்டியாக இருக்கும், மேலே சோப்புத் தேய்த்த சிமெண்டுத் தரை போல வழுக்கும். நாள்கணக்கில் மழை பெய்து, அதன் மேல் பழ லோரிகளும் ஓடினால் அடிமண்ணே இளகி ஆழமான தடம் விழும். முதல் வகையில் கார் பக்கவாட்டில் வழுக்கிக் கால்வாயில் இறங்கும். இரண்டாவது வகையில் வயிறு தட்டி நிற்கும். எது என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

வழுக்கும் ரோட்டில் நடுமேட்டில் போங்கள், ஓரத்துக்குப் போகப் போக சரிவு கூடும். எதிரே வண்டி வரக்கூடிய வளைவிலும் மேட்டு உச்சியிலும் ஹாரன் அடியுங்கள். லோரித் தடம் ஆழமாக இருந்தால் தடத்துக்குள் சக்கரத்தை விடாமல், ஒரு சக்கரம் நடுத்திட்டிலும் மற்றது தடத்துக்கு வெளியிலும் இருக்கும்படி போகப் பாருங்கள். தடத்தில் இறங்கிவிட்டால் அதிலேயே போங்கள். ஏற முயன்று திருப்பினால், சக்கரம் திரும்பிய நிலையில் வழுக்கிக்கொண்டே போய், எங்கேயோ பிடி கிடைத்ததும் திடீரென்று பாயும்.

ஏற்றம்: அடியில் நின்று முழுதாக மேலே வரை பாருங்கள். எதிரே எதுவும் வரவில்லை என்று உறுதியான பிறகு, இரண்டாவது கியரில், நடுத்தர வேகத்தில், ஒரே சீரான எண்ணெயில் ஏறுங்கள். நடுவில் நிறுத்தாதீர்கள், அழுத்தாதீர்கள். பாதியில் நின்றுவிட்டால் திருப்பிக் கொள்ளலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம், குறுக்கே நிற்கும் கார் உருளும். ரிவர்ஸ் கியரில் நேராக, மெதுவாகப் பின்னால் இறங்கி, மறுபடி முயலுங்கள்.

இறக்கம்: இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். ஆட்டோ கியர் உள்ள காரில் எல், எஸ், பி என்று காருக்குக் கார் எழுத்து மாறும், உங்கள் காரில் எஞ்சின் பிடித்து இறக்கும் கியர் எது என்று காய்ந்த நாளில் பழகி வையுங்கள். பிரேக்கை லேசாகத் தொட்டுத் தொட்டு விடுங்கள். ஏபிஎஸ் (பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) இருக்கிறதே என்று நம்பி வேகமாக இறங்காதீர்கள். இளகிய மண்ணில் ஏபிஎஸ் உள்ள கார் நிற்க இன்னும் அதிக தூரம் எடுக்கலாம்.

பழம் ஏற்றிய லோரி வந்தால் வழி உங்களுடையது இல்லை. எடையோடு இறக்கத்தில் வரும் லோரியால் நிறுத்த முடியாது. தூரத்திலேயே கெட்டியான இடம் பார்த்து நின்றுவிடுங்கள். ஒதுங்குகிறேன் என்று புல் முளைத்த ஓரத்துக்குப் போகாதீர்கள், மழையில் அந்த ஓரம் உள்ளே அரித்துப்போய் மேல்தோல் மட்டும் இருக்கும். இரவில் செம்பனைக்கடியில் மேயும் மாடுகள் காய்ந்த இடம் தேடி ரோட்டில் வந்து படுத்திருக்கும், விழுந்த மட்டையும் கிடக்கும். இரண்டும் விளக்கு வெளிச்சத்தில் கிட்டே போனால்தான் தெரியும்.

9. தண்ணீர் ரோட்டைக் கடந்து ஓடினால்

ஓடும் தண்ணீர் என்றால் திரும்புங்கள். இதற்கு விதிவிலக்கு எழுத எனக்கு மனமில்லை.

காரணம் இது. வேகமாக ஓடும் 15 சென்டிமீட்டர் தண்ணீர் ஒரு ஆளைத் தள்ளிவிடும். 30 சென்டிமீட்டர் ஒரு சின்னக் காரைத் தூக்கிக்கொண்டு போகும். 60 சென்டிமீட்டர் இருந்தால் பெரிய ஜீப் வகை உட்படப் பெரும்பாலான வண்டிகள் போய்விடும். காருக்குள் காற்று இருக்கிறது, அது மிதக்கும். மிதந்துவிட்டால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் வெறும் அலங்காரம்.

அதோடு, செம்மண் கலந்த தண்ணீருக்கு அடியில் ரோடு இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. குழாய்ப்பாலத்தின் மேல் மண் கரைந்து போனால் மேலே தண்ணீர் சமமாகத்தான் தெரியும்.

'முன்னால் ஹைலக்ஸ் போச்சே, லோரி போச்சே' என்று பின்னாலேயே போவதுதான் நான் பார்க்கும் மிகப் பெரிய தவறு. லோரி உயரம் வேறு, எடை வேறு. அது கிளப்பும் அலை உங்கள் மைவி, சாகா போன்ற சின்னக் காரின் காற்று இழுக்கும் குழாய் வரை ஏறும். எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் பிஸ்டன் அதை அழுத்த முடியாது, தண்ணீர் சுருங்காது. உள்ளே இருக்கும் கம்பி வளைந்துவிடும், எஞ்சின் போச்சு.

தேங்கி நிற்கும் தண்ணீர், ஓட்டமே இல்லை, இரண்டு கரையும் தெரிகிறது, பகல், தினமும் போகும் தார் ரோடு, ஆழம் கணுக்காலுக்கு மேல் இல்லை என்பது கண்ணால் தெரிகிறது: இவை அத்தனையும் இருந்தால் மட்டும் போகலாம். எதிர்ப்பக்கம் வண்டி வெளியே வரும் வரை காத்திருங்கள். ஏர்கோனை அணையுங்கள், எஞ்சின் விசிறி தண்ணீரை அள்ளாது. ரோட்டின் நடுமேட்டில், முதல் கியரில், நடக்கிற வேகத்தில், காலை எடுக்காமல், நிறுத்தாமல் போங்கள். வேகமாகப் போனால் சீக்கிரம் முடியும் என்பது தவறு, வேகம்தான் தண்ணீரை எஞ்சினுக்குள் தள்ளும். வெளியே வந்ததும் மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை லேசாக அழுத்தி அழுத்திக் காய வையுங்கள். ஈரமான பிரேக் முதல் தடவை பிடிக்காது.

10. மாட்டிக்கொண்டால்

சேற்றில்: சக்கரம் சுழன்று கார் நகரவில்லை என்றால் அந்த நொடியே காலை எடுங்கள். ஒவ்வொரு சுழற்சியும் குழியை ஆழமாக்கும். இறங்கி, முன் சக்கரத்துக்கு முன்னால் உள்ள சேற்றை வாரிவிட்டு, கோணிப்பையோ காரின் கால்மிதியோ போடுங்கள். தோட்டத்தில் பழம் எடுத்த வெறும் குலை கொட்டி வைத்திருந்தால் அது அருமையாகப் பிடிக்கும். செம்பனை மட்டை என்றால் இலைப் பகுதியை மட்டும் போடுங்கள், அடிமட்டையில் முள் இருக்கும், டயரையும் கையையும் கிழிக்கும், கையுறை அதற்குத்தான். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் பிடிப்பு கூடும். இது சேற்றுக்கு மட்டும், அதோடு தார் ரோட்டில் வேகமெடுக்கும் முன் காற்றைத் திரும்ப நிரப்பியாக வேண்டும். ஸ்டியரிங் நேராக, மெதுவாக எண்ணெய். சக்கரத்துக்கு நேர் பின்னால் யாரையும் நிற்க விடாதீர்கள், போட்டதெல்லாம் பறந்து வரும். கயிறு கட்டி இழுக்கும்போது எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால்: திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஒரு தடவை கூட. முதல் தடவை பிழைத்த எஞ்சின் இரண்டாவது சாவித் திருப்பலில் போகும். தண்ணீர் ஏறவில்லை, ஓட்டமில்லை என்றால் இறங்கித் தள்ளிக் கொண்டுவாருங்கள்.

தண்ணீர் ஏறினால் காரை மறந்துவிடுங்கள். வரிசை முக்கியம்: முதலில் சீட் பெல்ட், அடுத்து ஜன்னல், பிறகு வெளியே, பிள்ளைகள் முதலில். போனை எடுத்து யாருக்காவது சொல்லிவிட்டு இறங்கலாம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். மின் ஜன்னல் கொஞ்ச நேரம்தான் வேலை செய்யும், தண்ணீர் அழுத்தத்தில் கதவு திறக்காது. ஜன்னல் இறங்கவில்லை என்றால் சுத்தியலால் பக்கக் கண்ணாடியின் மூலையில் அடியுங்கள். முன் கண்ணாடியில் அடித்து நேரத்தை வீணாக்காதீர்கள், அது விரிசல் விடும், உதிராது. பாதுகாப்பான இடத்துக்குப் போன பிறகு 999. மின்கம்பி அறுந்து தண்ணீரில் கிடந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

11. வீடு சேர்ந்த பிறகு

தண்ணீர் கார் தரை வரை வந்திருந்தால் ஒர்க்‌ஷாப்பில் எஞ்சின் எண்ணெயையும் கியர் எண்ணெயையும் பார்க்கச் சொல்லுங்கள். பால் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, மாற்றாமல் ஓட்டக் கூடாது. அடுத்த சில நாளில் சக்கரத்திலிருந்து உறுமல் சத்தம் வந்தால் பேரிங் போயிருக்கலாம்.

காப்புறுதி கேட்கப் போகிறீர்கள் என்றால் கழுவும் முன் படம் எடுங்கள். தண்ணீர் எதுவரை ஏறியது என்ற கறை கதவிலும் சீட்டிலும் தெரிய வேண்டும். போலீஸ் புகாரைத் தள்ளிப்போடாதீர்கள்.

சேதம் எதுவும் இல்லை என்றால் சக்கர வளைவுக்குள்ளும் அடியிலும் ஒட்டிய செம்மண்ணைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். அது காய்ந்து பிடித்துக்கொண்டால் ஈரத்தை உள்ளேயே வைத்துத் துரு பிடிக்க வைக்கும், சக்கரத்துக்குள் கட்டியாக இருந்தால் வேகமெடுக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும்.

அப்புறம் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் வந்த வழியைப் போடுங்கள். 'ரோடு மோசம்' என்று மட்டும் எழுதினால் யாருக்கும் உதவாது. எந்த இடம், எத்தனை மணிக்குப் பார்த்தது, தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா, எந்த வண்டி போனது என்று எழுதுங்கள். பழைய படத்தை நேரம் போடாமல் அனுப்பாதீர்கள், மழையில் ஒரு மணி நேரத்துக்கு முந்திய படம் கூட வேறு ரோடு.